முகாமுக்குப் போகும் பிள்ளைக்கு முதுகுப்பை: கடைசியில் வாங்க வேண்டியதை முதலில் வாங்காதீர்கள்

பள்ளியிலிருந்தோ சாரணர் குழுவிலிருந்தோ முகாம் கடிதம் வந்துவிட்டால், டர்பன் பக்கம் நம் வீடுகளில் அந்தச் சனிக்கிழமையே மாலுக்குக் கிளம்பிவிடுகிறோம். கேட்வேயிலோ பெவிலியனிலோ ஒரு பெரிய பையை வாங்கி வந்து கூடத்தில் நிறுத்திவிட்டு, அப்புறம் அதற்குள் என்ன போடுவது என்று யோசிக்கிறோம். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றினாலே பாதித் தொல்லை போய்விடும். பிள்ளை எவ்வளவு தூரம் நடக்கும், எவ்வளவு சுமக்கலாம், உள்ளே என்னென்ன போகும் என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் எந்தப் பை என்ற கேள்வியே வர வேண்டும்.

என் மகளுக்கு முதல் பை தேடி அலைந்தபோது இதையெல்லாம் எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. ஒரு கடையில், "வளர்ற பிள்ளைதானே, பெருசா எடுத்துக்கோங்க" என்று 75 லிட்டர் பையைத் தோளில் மாட்டிவிட்டார்கள். இடுப்பில் நிற்க வேண்டிய பட்டை அவள் தொடைக்கு வந்து தொங்கியது. அதற்கப்புறம் மலையேறுகிறவர்களையும் மற்ற பெற்றோரையும் கேட்டுக் கேட்டு, அளந்து, எடை போட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். 11 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது இது. ஜோகன்னஸ்பர்க்கில் இருப்பவர்களுக்கும், வேலைக்காகப் புதிதாக இங்கே குடிவந்த குடும்பங்களுக்கும் பெரும்பாலும் அப்படியே பொருந்தும்.

1. கடிதத்தில் ஒரு விஷயத்தைத் தேடுங்கள்: பையை யார் சுமப்பது?

முகாம் என்ற ஒரே பெயரில் மூன்று வேறு விஷயங்கள் நடக்கின்றன. பேருந்து முகாம் வாசல் வரை போய், பிள்ளைகள் கட்டில் போட்ட அறையில் படுத்து, பகலில் மட்டும் நடந்து வருவது ஒன்று. அதற்கு முதுகுப்பையே வேண்டாம். வீட்டில் இருக்கும் சாதாரணத் துணிப்பையும், பகலில் தூக்கிப் போக 20 முதல் 25 லிட்டர் அளவுள்ள பள்ளிப் பையும் போதும். இதற்காக ஒரு ராண்ட்கூடச் செலவு செய்யாதீர்கள்.

இரண்டாவது, தங்க குடில் இருக்கும் நடைப்பயணம். டிராக்கன்ஸ்பர்க் மலைத்தொடரில் (நாம் பெர்க் என்று சொல்வது) சானி கணவாய் அடிவாரத்திலிருந்து புஷ்மன்ஸ் நெக் வரை போகும் ஜயன்ட்ஸ் கப் பாதை இப்படித்தான்: சுமார் 60 கிலோமீட்டர், 5 நாள், ஒவ்வொரு இரவும் மெத்தை போட்ட குடில். அதனால் டென்ட்டும் பாயும் தேவைப்படாது. மூன்றாவது, டென்ட்டிலிருந்து அடுப்பு வரை எல்லாவற்றையும் பிள்ளைகளே முதுகில் சுமப்பது. வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று நிலையுள்ள இளைஞர் விருதுத் திட்டமான பிரசிடென்ட்ஸ் அவார்டில் சேர்ந்த பிள்ளைகள் செய்யும் பயணம் பெரும்பாலும் இந்த வகை. வெண்கல நிலைக்கு 14 வயதில் சேரலாம், பயணம் 2 பகல் 1 இரவு. வெள்ளிக்கு 3 பகல் 2 இரவு. தங்கத்துக்கு 4 பகல் 3 இரவு. வெண்கலத்தில் இருக்கும் பிள்ளை தங்கம் வரை போகும் எண்ணத்தில் இருக்கிறதா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். வாங்கும் பையின் அளவு அதனால் மாறும்.

கடிதத்தில் தெளிவாக இல்லையென்றால் ஆசிரியரிடம் கேளுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்? டென்ட், அடுப்பு, பாத்திரம் யார் தருகிறார்கள்? வழியில் தண்ணீர் பிடிக்க இடம் உண்டா? இரவலாகப் பை தருவார்களா? பல பள்ளிகளிலும் சாரணர் குழுக்களிலும் பழைய பைகள் அறைக்குள் அடுக்கிக் கிடக்கும், கேட்டவர்களுக்கு மட்டும் வெளியே வரும்.

2. பிள்ளையை எடை மெஷினில் நிறுத்துங்கள்

மலைப்பாதையில் நடக்கும் பிள்ளையின் முதுகில், தண்ணீர் உணவு எல்லாம் சேர்த்து, உடல் எடையில் 15 சதவீதம் இருந்தால் நல்லது. ஓரளவு பழக்கப்பட்ட, வயதில் பெரிய பிள்ளைக்கு 20 சதவீதம். அதற்கு மேல் வேண்டவே வேண்டாம். 45 கிலோ பிள்ளைக்கு 15 சதவீதம் என்றால் 6.75 கிலோ, 20 சதவீதம் என்றால் 9 கிலோ.

9 கிலோ தாராளம் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். காலிப் பையே 1.5 கிலோ. ஸ்லீப்பிங் பேக் 1.5. பாய் 400 கிராம். ரெயின்கோட்டோடு சேர்த்துத் துணி 2 கிலோ. இரண்டு நாள் உணவு 1.3. தண்ணீர் 2 லிட்டர் என்றால் 2 கிலோ. டார்ச், தட்டு, பல் துலக்க, மருந்து என்று 700 கிராம். ஆக 9.4 கிலோ. டென்ட்டில் அந்தப் பிள்ளையின் பங்கு 1.2 கிலோ சேர்ந்தால் 10.6. இன்னும் போன் சார்ஜர், முறுக்கு டப்பா, "எதுக்கும் இருக்கட்டும்" என்று ஆயா செருகும் போர்வை எதுவும் கணக்கில் வரவில்லை.

இதனால்தான் காலிப் பையின் எடையைப் பார்க்கச் சொல்கிறேன். நிறைய பாக்கெட், நிறைய ஜிப், தடித்த துணி வைத்த பெரிய பை 2.5 கிலோ வரைகூட வரும். பிள்ளை சுமக்கக்கூடிய அளவில் கால்வாசிக்கு மேல் வெறும் பைக்கே போய்விடும். 1.5 கிலோவுக்குள் இருக்கும் பையைத் தேடுங்கள். எடை அட்டையில் எழுதியிருக்கும். இல்லையென்றால் விற்பவரைக் கேளுங்கள்.

தண்ணீரிலும் குறைக்கலாம். வழியில் ஓடை இருந்து, சுத்திகரிக்கும் மாத்திரையோ வடிகட்டியோ குழுவில் இருந்தால், ஒரே நேரத்தில் 2 லிட்டர் தூக்க வேண்டியதில்லை. ஆனால் இதைப் பிள்ளையோ நீங்களோ முடிவு செய்யக் கூடாது, கூட்டிப் போகிறவர்தான் சொல்ல வேண்டும்.

3. ஸ்லீப்பிங் பேக் முதலில், பை அப்புறம்

பையின் அளவைத் தீர்மானிப்பதே ஸ்லீப்பிங் பேக்தான். சூப்பர்மார்க்கெட்டில் மலிவாகக் கிடைக்கும் செவ்வக வடிவ ஸ்லீப்பிங் பேக்கைச் சுருட்டினால் தலையணை அளவுக்கு நிற்கும். 40 லிட்டர் பையில் பாதியை அதுவே அடைத்துக்கொள்ளும். கால் பக்கம் குறுகிவரும் வகையை, இறுக்கிக் கட்டும் உறையோடு வாங்கினால் பாதி இடத்தில் அடங்கும். அதனால் ஸ்லீப்பிங் பேக், பாய், துணி எல்லாவற்றையும் சேர்த்து வைத்த பிறகே பைக்குப் போங்கள். இரண்டையும் நல்லதாக வாங்கக் கட்டுப்படியாகவில்லையா, பையை விட ஸ்லீப்பிங் பேக்குக்கு அதிகமாகச் செலவழியுங்கள். பெர்க் மலையில் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் இரவுகளில் குளிர் சுழியத்துக்குக் கீழே போகும். டர்பன் குளிரை வைத்துக் கணக்குப் போட்டால் பிள்ளை இரவு முழுக்க நடுங்கும்.

4. முதுகை அளப்பது

இதை யாரும் சொல்வதில்லை, ஆனால் இதுதான் முக்கியம். பையைத் தேர்ந்தெடுப்பது வயதை வைத்தும் இல்லை, உயரத்தை வைத்தும் இல்லை. முதுகின் நீளத்தை வைத்துத்தான். ஒரே உயரமுள்ள இரண்டு பிள்ளைகளில் ஒன்றுக்குக் கால் நீளமாக இருக்கும், இன்னொன்றுக்கு முதுகு நீளமாக இருக்கும்.

தையல் டேப் ஒன்று போதும். பிள்ளையை நேராக நிற்கவைத்துத் தலையைக் குனியச் சொல்லுங்கள். கழுத்தின் அடியில் ஒரு எலும்பு துருத்திக்கொண்டு வரும், விரலால் தடவினாலே தெரியும். அங்கே ஸ்டிக்கர் பொட்டு ஒன்று ஒட்டிவிடுங்கள். இப்போது பிள்ளை இரண்டு கையையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் வைக்கட்டும், கட்டைவிரல்கள் பின்பக்கம் பார்க்கும்படி. இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவில் முதுகுத்தண்டில் ஒரு புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். பொட்டிலிருந்து அந்தப் புள்ளி வரை, முதுகின் வளைவோடு டேப்பைப் படியவிட்டு அளந்தால் வருவதுதான் அளவு. அதைச் செ.மீ.யில் எழுதிப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

38 செ.மீ. முதுகுள்ள பிள்ளைக்கு 45 செ.மீ. முதுகுக்கான பையைப் போட்டால் இடுப்புப் பட்டை பிட்டத்தில் போய் உட்காரும், மொத்தச் சுமையும் தோளில் தொங்கும். இரண்டாம் நாள் காலையில் தோள் சிவந்திருக்கும், பிள்ளை மலையையே வெறுத்துவிடும்.

முதுகு நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள பைகள் உண்டு. தோள் பட்டை ஏணி போன்ற பின்னலில் மேலும் கீழும் நகரும். "வளர்ற பிள்ளை" என்ற கவலைக்கு இதுதான் சரியான பதில், பெரிய பை இல்லை. ஆஸ்ப்ரே ஏஸ், டொய்ட்டர் ஃபாக்ஸ் போல இளம் வயதினருக்கென்றே செய்த வகைகள் கிடைத்தால் போட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் பெண்களுக்கான சின்ன அளவுப் பையைப் பாருங்கள். அவற்றில் முதுகு நீளமும் குறைவு, தோள் பட்டைகளும் நெருக்கமாக இருக்கும். பையன்களுக்கும் அது நன்றாகப் பொருந்தும். நிறத்தைக் காரணம் காட்டி மறுத்தால் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

5. எத்தனை லிட்டர்?

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பகல் நடைக்கு 20 முதல் 30. ஒன்றிரண்டு இரவு, 11 முதல் 14 வயது என்றால் 40 முதல் 50. மூன்று இரவு, எல்லாவற்றையும் தானே சுமக்கும் 15 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு 55 முதல் 65. 70க்கு மேல் எந்தப் பிள்ளைக்கும் தேவையில்லை. இடம் இருந்தால் நிரப்பத்தான் தோன்றும், நிரப்பியதைச் சுமப்பது பிள்ளை.

6. கடையில் செய்ய வேண்டியது

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள், ஆச்சரியப் பரிசாக வாங்கி வைக்காதீர்கள். வார நாளில் காலையில் போக முடிந்தால் நல்லது, சனிக்கிழமை மதியம் யாருக்கும் உங்களோடு நிற்க நேரம் இருக்காது. காலிப் பையை மாட்டிப் பார்ப்பதில் ஒரு பயனும் இல்லை, காலியாக இருந்தால் எல்லாப் பையும் சுகமாகத்தான் இருக்கும். மலையேற்றச் சாமான் விற்கும் நல்ல கடைகளில் உள்ளே வைக்க எடை மூட்டை வைத்திருப்பார்கள். இல்லையென்றால் வீட்டிலிருந்து ஸ்லீப்பிங் பேக்கையும் இரண்டு மூன்று தண்ணீர் பாட்டில்களையும் எடுத்துப் போங்கள். 6 கிலோவாவது உள்ளே இருக்க வேண்டும்.

மாட்டும் வரிசை முக்கியம். முதலில் எல்லாப் பட்டைகளையும் தளர்த்திவிடுங்கள். பையைத் தோளில் போட்டதும் இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் உட்காரவைத்து இறுக்குங்கள். வயிற்றின் மேல் இல்லை, எலும்பின் மேல். அப்புறம் தோள் பட்டை. அது தோளைச் சுற்றி இடைவெளியில்லாமல் படிய வேண்டும், ஆனால் எடையைத் தாங்கக் கூடாது. அப்புறம் தோளுக்கு மேலே பையின் உச்சிக்குப் போகும் சின்னப் பட்டையை மெதுவாக இழுங்கள். அது சுமார் 45 டிகிரி சாய்வில் நின்றால் முதுகு அளவு சரி. கடைசியாக மார்புப் பட்டை, மூச்சு விடச் சிரமமில்லாத அளவுக்கு.

இப்போது பிள்ளையின் தோள் பட்டைக்கு அடியில் உங்கள் விரலை நுழைத்துப் பாருங்கள். எளிதாக நுழைந்தால் சுமை இடுப்பில் இருக்கிறது என்று அர்த்தம். விரல் நசுங்கினால் திரும்பச் சரிசெய்யுங்கள், அப்போதும் சரிவரவில்லையென்றால் அந்தப் பை வேண்டாம். ஒல்லியான பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல்: இடுப்புப் பட்டையை முழுக்க இழுத்த பிறகும் தொளதொளவென்று இருக்கும். பட்டையின் இரண்டு பக்கப் பஞ்சும் முன்னால் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால் அது அந்தப் பிள்ளைக்குப் பெரியது.

பத்துப் பதினைந்து நிமிடம் கடைக்குள் நடக்கவிடுங்கள், படி இருந்தால் ஏறி இறங்கட்டும். குனிந்து ஷூ லேஸ் கட்டச் சொல்லுங்கள். பக்கத்துப் பாக்கெட்டிலிருந்து தண்ணீர் பாட்டிலைக் கழற்றாமல் எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் பிள்ளை நடக்கும்போது தண்ணீர் குடிக்காது.

7. விலை, ரசீது, நேரம்

நடக்கத் தகுந்த பை பெரும்பாலும் ஆயிரம் ராண்டிலிருந்து மூவாயிரம் ராண்ட் வரைக்குள் கிடைக்கும். டெகாத்லான் மாதிரிக் கடைகளில் கீழ் விலை, கேப் யூனியன் மார்ட்டில் அவர்களுடைய சொந்தப் பிராண்டான கே-வேயில் நடு விலை, வெளிநாட்டுப் பிராண்டுகள் அதற்கு மேலே. முந்நூறு நானூறு ராண்டுக்குக் கிடைக்கும் 60 லிட்டர் பையில் இடுப்புப் பட்டை என்று வெறும் நாடா ஒன்று இருக்கும், பஞ்சே இருக்காது. அது சுமையைத் தாங்காது, அலங்காரம்தான்.

முகாமுக்கு ஆறு வாரமாவது முன்னால் தொடங்குங்கள். நவம்பர் கடைசியில் பிளாக் ஃபிரைடே தள்ளுபடியில் நல்ல பைகள் விலை இறங்கும், அடுத்த வருட முகாமுக்கு அப்போதே வாங்கலாம். மொத்தமாகக் கொடுக்க முடியாவிட்டால் லே-பை (பொருளைக் கடையிலேயே எடுத்து வைத்துவிட்டுத் தவணையில் கட்டும் முறை) உண்டா என்று கேளுங்கள், ஆனால் பணம் முழுக்கக் கட்டி முடித்த பிறகுதான் பை கைக்கு வரும் என்பதால் முகாம் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரசீதைப் படம் எடுத்து வையுங்கள், அந்த வழுவழுப்புக் காகிதத்தில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளில் குறை இருந்தால் 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துப் பழுது நீக்கமோ, மாற்றோ, பணமோ கேட்கலாம். எது வேண்டும் என்பது உங்கள் விருப்பம். அளவு சரியில்லை என்பது குறை ஆகாது. அதற்குக் கடையின் சொந்த விதிதான், ஆகவே பணம் கொடுக்கும் முன்பே எத்தனை நாளுக்குள் மாற்றலாம் என்று கேட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்து அட்டையைக் கழற்றாமல், வீட்டுக்குள்ளேயே நிரப்பி மாட்டிப் பாருங்கள்.

பழைய பை வாங்குகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். டர்பன் ஈரக்காற்றில் அலமாரிக்குள் வருடக்கணக்கில் கிடந்த பையின் உட்பக்கப் பூச்சு இளகிப் பிசுபிசுக்கும், அப்புறம் செதில் செதிலாக உரியும். கையை உள்ளே விட்டுத் தடவி, மோந்து பாருங்கள். ஒட்டினாலோ புளித்த வாடை வந்தாலோ விட்டுவிடுங்கள், அதைச் சரிசெய்ய வழியில்லை. கிளிப் உடைந்திருந்தால் பரவாயில்லை, மாற்றலாம்.

8. மழை

பெர்க் மலையில் கோடைக்காலத்தில், அதாவது நவம்பர் முதல் மார்ச் வரை, மதியத்துக்கு மேல் இடியோடு மழை கொட்டுவது சாதாரணம். மேலே போர்த்தும் மழையுறை மட்டும் போதாது. காற்றில் கழன்று பறக்கும், முதுகுப் பக்கம் வழியாகத் தண்ணீர் இறங்கும். தோட்டக் குப்பைக்கு வாங்கும் தடித்த கறுப்புப் பை ஒன்றைப் பைக்குள் விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் அடுக்கி, வாயை முறுக்கி மடித்துவிடுங்கள். ஸ்லீப்பிங் பேக்குக்கும் மாற்றுத் துணிக்கும் தனித்தனியாக இன்னொரு பிளாஸ்டிக் பை. சில ராண்டுதான் செலவு.

9. அடுக்குவது

பிள்ளையே அடுக்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். நீங்கள் அடுக்கிக் கொடுத்தால் டார்ச் எங்கே இருக்கிறது என்று இருட்டில் அதற்குத் தெரியாது, ஜூன் கடைசியில் டர்பனில் மாலை 5 மணி சுமாருக்கே சூரியன் மறைந்துவிடும்.

அடியில் ஸ்லீப்பிங் பேக். கனமானவை, அதாவது உணவு, அடுப்பு, டென்ட் பங்கு, முதுகை ஒட்டி நடுவில், தோள்பட்டை எலும்புகளின் மட்டத்தில். துணிகள் அதைச் சுற்றி. மேலே ரெயின்கோட்டும் கம்பளிச் சட்டையும். வெளியே எதையும் தொங்கவிடாதீர்கள், தொங்கும் பாத்திரம் ஒவ்வொரு அடிக்கும் பிள்ளையைப் பின்னால் இழுக்கும்.

உணவில்தான் நம் வீடுகளில் எடை கூடுகிறது. பில்ச்சர்ட் மீன் டின், பீன்ஸ் டின் என்று நாலு வைத்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் போய்விடும், காலி டின்னையும் திரும்பச் சுமந்து வர வேண்டும். வறுத்த ரவையில் தாளிப்பும் உப்பும் கலந்து பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தால் கொதிக்கும் தண்ணீரில் கொட்டி உப்புமா ஆகிவிடும். அவல், பருப்புப் பொடி, வேர்க்கடலை, பேரீச்சம்பழம் எல்லாம் இலேசு. புளிச்சோறு முதல் நாள் மதியத்துக்கு மட்டும். பெர்க் காப்புப் பகுதிகளில் விறகு மூட்ட அனுமதி இல்லை என்பதால் எரிவாயு அடுப்பில் வேகமாக ஆகும் உணவே சரி. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து விமானத்தில் வருகிற பிள்ளைகள் எரிவாயுக் குப்பியைக் கைப்பையிலும் வைக்கக் கூடாது, பெரிய பையிலும் வைக்கக் கூடாது. இங்கே வந்துதான் வாங்க வேண்டும்.

அடுக்கி முடித்ததும் பையோடு எடை மெஷினில் ஏற்றுங்கள். கூடினால் எடுங்கள். பிறகு, முகாமுக்கு இரண்டு வாரம் முன்னால், முழுப் பையோடு கடற்கரைப் பாதையிலோ மேடு பள்ளமுள்ள தெருவிலோ இரண்டு மணி நேரம் நடத்திக் கூட்டி வாருங்கள். எங்கே உரசுகிறது என்று அப்போதுதான் தெரியும்.

10. பையில் போகும் காகிதங்கள்

மருத்துவப் படிவம், பெற்றோர் சம்மதக் கையெழுத்து, மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) அட்டையின் நகல், பிறப்புச் சான்றிதழ் அல்லது அடையாள அட்டை நகல், இரண்டு தொலைபேசி எண்கள். எல்லாவற்றையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பையின் மூடிப் பாக்கெட்டில் வையுங்கள். ஆஸ்துமா, ஒவ்வாமை இருக்கும் பிள்ளையின் மருந்தும் அங்கேதான், அது எங்கே இருக்கிறது என்று கூடப்போகும் பெரியவருக்கும் தெரிய வேண்டும்.

பயணத் திட்டத்தில் சானி கணவாயின் உச்சி இருந்தால் கவனம். அது லெசோத்தோ. பாஸ்போர்ட் வேண்டும். பிள்ளை பெற்றோர் இல்லாமல் எல்லை தாண்டுவதால் பெற்றோர் இருவரின் விவரமும் உள்ள முழுப் பிறப்புச் சான்றிதழையும் இருவரின் எழுத்து மூலச் சம்மதத்தையும் தயாராக வையுங்கள். வேலை விசாவில் வந்த குடும்பம் என்றால் பிள்ளையின் விசாவில் திரும்பி உள்ளே வர வழி இருக்கிறதா, லெசோத்தோவுக்குத் தனி விசா வேண்டுமா என்றும் பாருங்கள். இந்தக் காகிதங்கள்தான் எல்லாவற்றையும் விட அதிக நேரம் எடுக்கும், பைக்கு முன்னால் இதைத் தொடங்குங்கள்.

11. திரும்பி வந்ததும்

அன்றே பையைக் காலி செய்து உதறுங்கள். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்து, நிழலில் எல்லா ஜிப்பையும் திறந்து தலைகீழாகத் தொங்கவிடுங்கள். வாஷிங் மெஷினில் போட்டால் உட்பூச்சு போய்விடும். முழுக்கக் காய்ந்த பிறகு, மடிக்காமல், காற்றோட்டமான அலமாரி மேலே வையுங்கள். குளியலறைப் பக்கமும் வேண்டாம், கராஜும் வேண்டாம். அடுத்த முகாமுக்கு எடுக்கும்போது முதுகை மறுபடி அளந்து தோள் பட்டையை நகர்த்திக்கொள்ளுங்கள். இந்த வயதில் ஒரு வருடத்துக்குள்ளேயே அளவு மாறிவிடும்.